சட்டியைக் கழுவியாச்சு, இனி எதைப் பரிசோதிப்பது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் சிறிய பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். முந்தநாள் பத்தரை மணிக்குச் சோறு, பருப்பு, அவித்த முட்டை கொடுத்தோம். பகல் ஒரு மணிக்குள் பல பிள்ளைகளுக்குச் சத்தி, காய்ச்சல் இல்லை. இப்போது எல்லாரும் சுகம். கிணற்றுத் தண்ணிதான் காரணம் என்று ஊரில் கதை. சமைத்த அம்மாமார் பயத்தில் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். இனி எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும் டீச்சர். சாப்பாடு போய்விட்டது, சாப்பிட்ட பிள்ளைகள் இருக்கிறார்களே.

முதலில் நேரத்தைப் பாருங்கள். இரண்டரை மணித்தியாலத்துக்குள் சத்தி என்றால் என் சந்தேகம் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி மேல்தான். சோறும் இருப்பதால் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியையும் விடமாட்டேன். இரண்டும் உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு சுறுக்காக வேலை காட்டும். சல்மனெல்லா என்றால் பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலம் எடுக்கும், காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடவே வரும். கிணற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிழை கிணற்றில் என்றால், சாப்பிடாமல் தண்ணி மட்டும் குடித்தவர்களும் படுத்திருப்பார்கள்.

அடுத்தது, எல்லாரும் தவறவிடுவது: வருத்தம் வராத பிள்ளைகளையும் விசாரியுங்கள். இடாப்பை எடுத்து, ஒவ்வொருவரும் எதைச் சாப்பிட்டார், எதைத் தொடவில்லை, எத்தனை மணிக்குச் சத்தி என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, 80 பிள்ளைகளில் 32 பேருக்கு வருத்தம் என்று வைப்போம். அவர்களில் 28 பேர் பருப்பு சாப்பிட்டிருக்கிறார்கள், 24 பேர் முட்டை. பருப்புத்தான் என்று உடனே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். சரி, மற்றப் பக்கத்தையும் பாருங்கள். பருப்புச் சாப்பிட்ட 70 பேரில் 28 பேருக்கு வருத்தம், சாப்பிடாத 10 பேரில் 4 பேருக்கு. இரண்டும் நூற்றுக்கு 40. முட்டை சாப்பிட்ட 40 பேரில் 24 பேர், சாப்பிடாத 40 பேரில் 8 பேர் மட்டுமே. மூன்று மடங்கு. கை காட்ட வேண்டியது முட்டையை.

அவித்த முட்டை எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். அவித்ததில் பிழையில்லை, கோது உடைத்த கையில் இருக்கலாம். ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி மூக்கிலும் விரலில் உள்ள வெட்டுக்காயத்திலும் குடியிருக்கும். விடிய ஐந்து மணிக்கு உரித்துப் பேசினில் போட்டு மூடி வைத்தால், வன்னி வெக்கையில் பத்தரைக்குள் தாராளமாகப் பெருகிவிடும். திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. ஆய்வுகூடத்தில் கிருமி வளரவில்லை என்று அறிக்கை வந்தாலும் அந்த உணவு தப்பிவிட்டதாக அர்த்தமில்லை.

ஆகவே அம்மாமாரிடம் அதட்டாமல், எத்தனை மணிக்கு அவித்தீர்கள், யார் உரித்தது, விரலில் காயமா என்று கேளுங்கள். குற்றவாளியாக்கினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.

இலங்கையில் உணவு நஞ்சாதல் அறிவிக்க வேண்டிய நோய். பிள்ளைகள் சுகமானாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள், உங்கள் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கொடுங்கள். இனி ஒருமுறை நடந்தால் மிச்சச் சாப்பாட்டையும் கொஞ்சம் சத்தியையும் வேறுவேறு சுத்தமான மூடிப் போத்தல்களில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அவற்றில் டெட்டோல் ஊற்ற வேண்டாம். சோர்ந்து மயங்கும் பிள்ளைக்கு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை, மாதிரி எடுப்பது அப்புறம்.

முட்டையை இனிக் கோதோடேயே கொடுங்கள். பிள்ளைகள் கை கழுவிவிட்டுத் தாங்களே உரிக்கட்டும்.