தேங்காயை யார் எப்படி வகைப்படுத்துகிறார்கள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மொழியியலில் முதுகலை முடித்த தங்கள் மகள், பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அழிந்துவரும் மொழிகளில் பெயர்ச்சொற்கள் வகைப்படும் விதத்தை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். தீவுக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்குவது வீண்காலம் ஆகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தத் தங்கல்தான் ஆய்வே என்பது என் பதில்.

அந்த மொழிகளின் உறவுமொழியான, பிஜித் தீவுகளில் பேசப்படும் பிஜியனில் 'நியு' என்றால் தேங்காய். தின்பதற்குரிய என் தேங்காய் 'கெங்கு நியு', குடிப்பதற்குரியது 'மெங்கு நியு', வெறும் உடைமை என்றால் 'நொங்கு நியு'. நம் உயர்திணையும் அஃறிணையும் பெயரோடு ஒட்டியே நிற்பவை. அங்கோ பொருள் ஒன்றாயிருக்க, அதை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்து 'என்' மாறுகிறது. ஆனால் வனுவாட்டுவின் வட அம்பிரிம் மொழியில், பயன் மாறினாலும் பெயர் ஒரே வகைச்சொல்லையே (பயனைக் காட்டும் இத்தகைய 'என்' வடிவங்களில் ஒன்றையே) பற்றிக்கொள்ளும் போக்கை, அதாவது ஏறத்தாழ நம் திணையைப் போல இறுகும் போக்கை, ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். (தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இதைவிடச் சுவையான கேள்வி அமையாது என்பது என் சொந்தக் கருத்து.) இந்த இறுக்கத்தை நூலகத்தில் அமர்ந்து அளக்க முடியாது, பாயில் படங்களைப் பரப்பி, மூத்தவர்களிடமும் பள்ளிப்பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்டால்தான் தெரியவரும்.

கேட்பதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று லட்சம் மக்களும் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளும் உள்ள அந்நாடு, 1985 முதல் 1994 வரை வெளிநாட்டவரின் பண்பாட்டு ஆய்வுகளையே நிறுத்திவைத்திருந்தது. இன்றும் தலைநகர் போர்ட் விலாவிலுள்ள வனுவாட்டுப் பண்பாட்டு மையத்தின் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒன்றை ஆய்வாளர் செய்துதர வேண்டும் என்பதும் நிபந்தனை. அது சிறுவர் கதைப்புத்தகமாகவோ அகராதியாகவோ இருக்கலாம். எது வேண்டும் என்பதை ஊரே சொல்லட்டும். ஆகவே தங்கள் மகள் முதலில் கற்கவேண்டியது அந்நாட்டுப் பொதுமொழியான பிஸ்லாமாவை.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. ஒலிப்பதிவைக் காலக்குறியிட்டு எழுத்தாக்கும் ஈலான் மென்பொருளிலும் ஆவணக் காப்பகப் பணியிலும் தேர்ச்சி பெற்றால் வேறு கதவுகளும் உண்டு. மைசூருவிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 2013-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்திவருகிறது. இதே பயிற்சி அங்கும் செல்லும்.

உதவித்தொகை இல்லாத இடம் எவ்வளவு பெயர்பெற்ற பல்கலைக்கழகமாயினும் வேண்டாம். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். சேர்வதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு மகளே கடிதம் எழுதி, களப்பயணச் செலவை யார் ஏற்பார்கள் என்பதையும், அவருடைய முந்தைய மாணவர்கள் ஊருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு வழிகாட்டியைத் தேடுவது நல்லது.