121 கொரோலா முன்பக்கச் சத்தம்: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

பொகவந்தலாவயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, என்னுடையது 2003 கொரோலா 121, ஓட்டோ கியர். தோட்டத்து ரோட்டில் போனால் முன்பக்கம் டக் டக் என்று சத்தம். சொக் ரெண்டு, லோவர் ஆர்ம் ரெண்டு எல்லாத்தையும் மாத்தணுமாம். ஜெக்கும் சொக்கெட் செட்டும் இருக்கு. வீட்டிலேயே மாத்தலாமா?"

பாதி வேலையைத் தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். சின்னச் சின்னக் கல்லில் ஏறும்போதே டக் டக் என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் பாரைச் சொக்கோடு இணைக்கிற சின்னக் கம்பி), சொக், ஆர்மை விட விலை குறைந்ததும் அதுதான். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு அதே ரோட்டில் மெதுவாகக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. (வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.) நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் டங்கென்று துள்ளினால் சொக்குக்கு மேலே இருக்கிற மவுண்டைப் பாருங்கள். சொக்கில் எண்ணெய் வழிந்து சேறு அப்பியிருந்தால் சொக் போய்விட்டது.

போல் ஜொயின்ட்டை (லோவர் ஆர்மின் நுனியில் சக்கரப் பக்கம் இருக்கிற உருண்டை மூட்டு) மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ஆர்மும் சக்கரம் மாட்டியிருக்கிற நக்கிளும் சேருகிற இடத்தில் மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால், அதை மாற்றும்வரை காரை எடுக்கவே எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் அப்படியே வெளியே மடங்கிவிடும், நம் ரோட்டில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எதிரே வருகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு நாம் ஓரம் கட்டும்போது ரோட்டோரக் குழியில் இறங்குவது இடது சக்கரம், அதனால் அந்தப் பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

வண்டியைத் தூக்கும்போது ஒரு விஷயம். முன்சக்கரம் இழுக்கிற ஓட்டோ காரில் 'பி'யில் போட்டால் பூட்டுவது முன்சக்கரங்களை மட்டும்தான். அதில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினாலே 'பி' வேலை செய்யாது, அதற்குப் பிறகு வண்டியைப் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். சாய்வான முற்றத்தில் இந்த வேலையே வேண்டாம். சமமான கொங்கிரீட் தரை பக்கத்து வீட்டில் இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை அடை கொடுங்கள், பாடியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். மழை ஊறிய மண்ணில் ஜெக் புதையும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைப் பார்த்தாலே எனக்குப் பயம், அது சொல்லாமல் உடைகிற சாமான்.

சரி, வேலைக்கு வருவோம். துரு பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். லிங்க்கைக் கழற்றும்போது இரண்டு முன்சக்கரமும் மேலே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் வர அடம்பிடிக்கும். நட்டோடு சேர்ந்து ஆணியும் சுற்றினால் அதன் நடுவில் அலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

சொக்கை முழு அசெம்ப்ளியாகக் கழற்றுவதும் உங்களால் முடியும்: மேலே மூன்று நட்டு, கீழே நக்கிளில் இரண்டு பெரிய போல்ட், அப்புறம் பிரேக் ஹோஸ் கிளிப், சொக்கில் மாட்டியிருக்கிற லிங்க். கீழ் போல்ட்டுகளைத் தொடும் முன் அவை இருந்த நிலையைச் சுற்றிக் கோடு கீறி வையுங்கள், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற அளவு) மாறுவது அந்த இடத்தில்தான். நக்கிளைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விட வேண்டாம். மேலே நடுவில் தனியாக இருக்கிற நட்டை மட்டும் வீட்டில் தொடவே கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் அதற்குக் கீழேதான் இருக்கிறது, நட்டு வந்தால் அது முகத்துக்கு நேராகப் பாயும். அசெம்ப்ளியைத் தூக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை அழுத்துகிற நல்ல கம்ப்ரெஸர் வைத்திருக்கிற கராஜ் பாஸிடம் போங்கள், ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டுத் தருவார். சொக்கை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று போல் ஜொயின்ட்டைப் பழையதாக வாங்காதீர்கள்.

லோவர் ஆர்மை நான் கராஜுக்கே விடச் சொல்வேன். இந்த மாடலில் முன் போல்ட் கியர் பெட்டியில் இடித்து வெளியே வராமல், கீழே இருக்கிற குறுக்குச் சட்டத்தையே இறக்க வேண்டி வரலாம். யார் மாட்டினாலும் பக்கத்தில் நின்று ஒன்றைப் பாருங்கள்: ஆர்மின் ரப்பர் புஷ் வழியாகப் போகிற போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது காரின் பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஆர்ம் தொங்குகிறபோதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே கிடக்கும், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். இங்கே புதுச் சாமான் போட்டும் சத்தம் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நக்கிள் போல்ட் 153 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டு 103. டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். போல் ஜொயின்ட்டுக்குப் புது கொட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கிற வளைகம்பி) போடுங்கள். முதல் ஓட்டத்தை மெதுவாக, பக்கத்து ரோட்டிலேயே முடித்து எல்லா நட்டையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். அதன்பிறகு வீல் அலைன்மென்ட். அதைச் செய்யாமல் ஹட்டன் கடந்து கீழே இறங்க வேண்டாம்.