அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோச்

கேள்வி: அன்புள்ள அக்கா, யாங்கோன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். வயது 31. நானும் அப்பாவும் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் ரசிகர்கள். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இருவரும் ஒரே டீக்கடையில், ஒரே மேசையில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்ப்போம். ஆஞ்ச் போஸ்டகோக்லூ கோச்சாக இருந்த இரண்டாவது வருடம் லீகில் 22 தோல்வி. நான் திட்டாத நாளில்லை. அப்பா மட்டும் "பொறுடா, பாதி ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அவர் என்ன செய்வார்" என்பார். யூரோப்பா கோப்பையை ஜெயித்தும் கிளப் அவரை அனுப்பிவிட்டது. சரியான முடிவு என்றேன், அப்பாவுக்குக் கோபம். பிறகு ஆஞ்ச் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் அணிக்குப் போனார், 39 நாளில் வேலை போனது. அன்றைக்கு ராத்திரி எங்கள் குடும்ப வைபர் குழுவில் அவர் படத்தைப் போட்டு, "அப்பாவின் மேதை வீட்டுக்கு வந்துவிட்டார்" என்று எழுதினேன். சித்தப்பா, மச்சான், எல்லாரும் சிரித்தார்கள். அப்பா ஒன்றும் எழுதவில்லை. அன்றிலிருந்து டீக்கடைக்கு வருவதில்லை. மற்ற விஷயமெல்லாம் பேசுவார், பந்து பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நான் சொன்னதுதானே அக்கா நடந்தது? இதற்குப் போய் இவ்வளவு கோபமா? அப்பாவும் இப்போது பழைய மாதிரி இல்லை. 27 வருடம் ஒரே பிரியாணிக் கடையில் மாஸ்டராக இருந்தவர், முதலாளியின் மகனோடு ஒத்துவராமல் போன வருடம் வெளியே வந்தார். வேறு கடையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட நிற்க முடியவில்லை. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அந்த எரிச்சலோ என்னவோ. அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
பெயர் வெளியிட விரும்பாத மகன், தாம்வே

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆஞ்சுக்காக. இரண்டாவது தடவை அந்தக் கடைசி வரிகளுக்காக. பந்து விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். அதைத் தாண்டாமல் நீங்கள் நான் சொல்லும் மற்ற எதையும் கேட்க மாட்டீர்கள் என்று தெரிகிறது.

பொம்பளைக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். தான்லினில் எங்கள் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். 66இலும் 70இலும் பர்மா பாங்காக்கில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய கதையைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் கை கழுவ முடியாது. 70இல் கொரியாவோடு பங்கு போட்ட தங்கம் என்று யாராவது நினைவூட்டினால் அன்றைக்குப் பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது.

சரி, ஆஞ்ச். 2023இல் அணி அவர் கைக்கு வந்தது, முதல் லீக் மேட்சுக்கு முன்பே ஹாரி கேனை பேயர்னுக்கு விற்றுவிட்டார்கள். முதல் பத்து லீக் மேட்சில் எட்டு வெற்றி, இரண்டு சமம். அப்போது நீங்களும் அவரைத் தலையில் தூக்கி வைத்துத்தான் ஆடியிருப்பீர்கள், இல்லையா? அந்த வருடம் ஐந்தாவது இடம். அடுத்த வருடம் வான் டி வென், ரொமேரோ, கோல்கீப்பர் விகாரியோ என்று வரிசையாகக் காயம், லீகில் 17ஆவது இடம். ஆனால் 2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா கோப்பை. 2008க்குப் பிறகு டாட்டன்ஹாம் கண்ட முதல் கோப்பை அது. நமக்கு அது ராத்திரி ஒன்றரை மணி மேட்ச். பிரென்னன் ஜான்சன் கோல் போட்டபோது நீங்கள் இருவரும் எந்த மேசையில் இருந்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

அந்த இறுதி மேட்சை மறுபடி நினைத்துப் பாருங்கள். டிபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தாமல் அவரால் ஆட முடியாது என்பதுதானே அவரைத் திட்டுகிறவர்களின் முதல் குற்றச்சாட்டு? அன்றைக்கு அவர் பிள்ளைகளைப் பின்னால் இழுத்து, பந்தை எதிராளி கையில் விட்டு, கோல் வாசலைக் காத்து நின்றுதான் ஜெயித்தார். தேவைப்பட்டால் மாற்றத் தெரிந்தவர்தான். அந்த மாற்றம் லீகில் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. 22 தோல்வியை வைத்து அவரை அனுப்பியது சரி என்று ஒருவர் வாதாடலாம். நான்கூட உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

ஆனால் பாரஸ்ட்டில் நடந்ததைக் கொண்டுவந்து அந்த வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பாரஸ்ட் அதற்கு முந்தைய வருடம் நூனோ என்ற கோச்சின் கீழ் ஏழாவது இடம் வந்த அணி. பின்னால் கூட்டமாக நின்று காத்து, பந்து கிடைத்ததும் சிட்டாகப் பறக்கிற ஆட்டம். அதே ஆட்டத்தால் ஆஞ்சின் டாட்டன்ஹாமை ஒரே வருடத்தில் இரண்டு தடவை தோற்கடித்தவர்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் செப்டம்பர் 9ஆம் தேதி அவர் கையில் கொடுத்து, முன்னே ஏறி ஆடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். சீசன் தொடங்கிவிட்டது. ஆள் வாங்கும் கதவும் மூடிவிட்டது. மூன்று நாலு நாளைக்கு ஒரு மேட்ச். ஸ்வான்சீயிடம் இரண்டு கோல் முன்னிலையில் இருந்து 3-2 என்று தோற்றார்கள். எட்டு மேட்சில் ஆறு தோல்வி, இரண்டு சமம். அக்டோபர் 18, செல்சியிடம் 0-3. நமக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிய மேட்ச். முடிந்து கால் மணி நேரம் கழித்து நீங்கள் இரண்டாவது டீ சொல்லியிருப்பீர்கள், அதற்குள் அவருக்கு வேலை இல்லை.

இதிலிருந்து அவர் பாரஸ்ட்டுக்குப் பொருந்தவில்லை என்று தெரிகிறது. போகும் முன் நன்றாக யோசித்திருக்கலாம் என்றும் தெரிகிறது. டாட்டன்ஹாமில் இரண்டு வருடம் அவர் செய்தது நல்லதா கெட்டதா என்பது அன்றைக்கே முடிந்த கணக்கு. அது இப்போது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதே தப்பை எதிர்ப்பக்கமும் செய்கிறார்கள். டாட்டன்ஹாம் ஒரு மேட்ச் தோற்றவுடன் "பார், ஆஞ்ச் இருந்திருந்தால்" என்று ஆரம்பிக்கிறார்களே, அவர்களுக்கும் இதே பதில்தான்.

நம் ஊரிலேயே நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு அப்போது இருபது வயது இருக்குமா? ராடோய்கோ அவ்ராமோவிச் என்று ஒரு செர்பியர். சிங்கப்பூரை 2004, 2007, 2012 என்று மூன்று தடவை தென்கிழக்காசியச் சாம்பியன் ஆக்கியவர். 2014இல் அவரை நம் மியன்மார் அணிக்குக் கோச்சாகக் கொண்டுவந்தோம். டீக்கடையெல்லாம் ஒரே கொண்டாட்டம், இனிக் கோப்பை நமக்குத்தான் என்று. அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூரிலேயே போட்டி. அவர் வளர்த்த அணியே நம்மை 4-2 என்று அடித்தது. முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருடம் அவர் இல்லை. அன்றைக்கு நம்மவர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. அதற்காக சிங்கப்பூரின் மூன்று கோப்பையையும் யாராவது திருப்பி எடுத்துக்கொண்டார்களா? இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2014இல் நம் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கெர்ட் சைஸ் என்ற ஜெர்மன்காரரிடம் பழகி இளையோர் உலகக் கோப்பைக்குத் தேர்வானார்கள். அதே நாடுதான், கோச் வேறு, அவர் கையில் இருந்த பிள்ளைகளும் வேறு.

பாரஸ்ட் மைதானத்தில் ஒரு பக்க கேலரிக்கு பழைய கோச் பிரையன் கிளஃப் பெயர் வைத்திருக்கிறார்கள். 79இலும் 80இலும் அந்தச் சின்னக் கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். அவருக்கு 1974இல் லீட்ஸ் கிளப்பில் வேலை போக எத்தனை நாள் ஆனது தெரியுமா? 44. ஆஞ்சைவிட ஐந்து நாள் கூட. ஆஞ்சும் அப்படி எழுந்து வருவார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. ஆனால் 2007இல் ஆஸ்திரேலிய இளையோர் அணியிலிருந்து வெளியே போனபோதும் இந்த ஆள் முடிந்தார் என்றுதான் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவோடு 2015 ஆசியக் கோப்பை, ஜப்பானிலும் ஸ்காட்லாந்திலும் லீக் பட்டம் எல்லாம்.

போதும் பந்து. அப்பாவிடம் வருகிறேன்.

27 வருடம் ஒரே அடுப்பு. அந்த அடுப்பில் எந்த மூலையில் சூடு கூட, தம் போட்டபின் தணலை எப்போது இழுக்க வேண்டும் என்று கை தானாகச் செய்யும். அரிசி கொண்டுவருகிறவர் பழகியவர். வெங்காயம் நறுக்கும் பையன் அவரே வளர்த்தவன். அந்த ஆள் ஒருநாள் வேறு கடைக்குப் போகிறார். அங்கே அடுப்பு வேறு, அண்டா வேறு, அரிசி வேறு. கல்லாவில் இருக்கிறவருக்கு முதல் வாரத்திலேயே பழைய கடைக் கூட்டம் இங்கே வந்து நிற்க வேண்டும். இரண்டு மாதம். அங்கே என்ன நடந்தது, தானாக வந்தாரா, வர வேண்டாம் என்றார்களா, ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கேட்டீர்களா?

அந்த வீட்டில், அந்த மனிதர் பார்க்கிற குழுவில், "வீட்டுக்கு வந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. சித்தப்பாவும் மச்சானும் சிரித்தார்கள். அவர்கள் ஆஞ்சைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், எனக்கும் தெரிகிறது. அதைப் படித்தவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் நாற்பது பேர் உட்காரும் கடையில் தனியாளாக ஒரு கோச்சுக்காக வாதாடி, பிளாஸ்கில் சும்மா கிடைக்கும் தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டு, அத்தனை கேலியையும் தாங்கியவர் உங்கள் அப்பா. 22 தோல்வியிலும் எழுந்து போகாதவர், ஒரு படத்துக்காக அந்த மேசையை விட்டுவிட்டார். அது வெறும் பந்துக் கோபமாக எனக்குத் தெரியவில்லை.

வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்கிறீர்கள். வழி தவறியவர் அவர் இல்லையே. முதலில் அந்தப் படத்தை எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், அதே சித்தப்பாவும் மச்சானும் பார்க்க, "அன்றைக்கு நான் எழுதியது சரியில்லை, அப்பா" என்று ஒரு வரி எழுதுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். முக்கியமாக, "உங்கள் கடை விஷயம் எனக்குப் புரிகிறது அப்பா" என்று போய் உட்கார்ந்து மனசைத் தடவ வேண்டாம். நம் அப்பாக்கள் அதற்கு எழுந்து முகம் கழுவப் போய்விடுவார்கள். நான் இங்கே எழுதியதையும் அவரிடம் காட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை அவர்தான் முதலில் படிப்பார் என்றால், சரி, என் தலைவிதி.

வீட்டு விசேஷத்துக்குப் பிரியாணி போடச் சொன்னால் சந்தோஷப்படுவாரே என்றும் உங்களுக்குத் தோன்றும். இப்போது வேண்டாம். சமாதானத்துக்குக் கொடுத்த வேலை என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். பெருநாளோ கல்யாணமோ உண்மையாகவே ஆள் தேவைப்படும்போது கேளுங்கள், கூலி பேசிக் கேளுங்கள்.

டீக்கடைக்கும் உடனே இழுக்காதீர்கள். அங்கே இருக்கிற கூட்டம் அவர் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடும். அடுத்த டாட்டன்ஹாம் மேட்சை வீட்டிலேயே போனில் போடுங்கள், கரண்ட் போனாலும் பார்க்கிற மாதிரி சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு. கூப்பிட வேண்டாம். அவர் படுத்திருக்கும் பக்கம் சத்தம் கேட்கிற அளவுக்கு வைத்தால் போதும்.

பாதி மேட்சில், திரும்பிப் பார்க்காமல், ஒன்று சொல்லிப் பாருங்கள். 2023 நவம்பரில் செல்சியோடு இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி, ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் ஆஞ்ச் டிபென்ஸை நடுக்கோட்டில் நிறுத்தினாரே, 4-1 வாங்கினோமே, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று. என் மனசிலும் அதுதான் இருக்கிறது, ஆகவே பொய் சொல்லச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

அப்பா எழுந்து வந்து உங்களோடு சண்டை போட்டால் எனக்கு உடனே எழுதுங்கள்.