செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்து எந்த விலங்கு அடித்தது என்று சொல்ல முடியுமா?

காட்டோர ஊர்களில் ஆடோ மாடோ செத்துக் கிடந்தால் எல்லாரும் உடனே புலி என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை, நாமே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும், உடல் அழுகுவதற்குள் பார்த்தால். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், மாடு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அக்கம்பக்கத்தில் ஏதாவது அடிபட்டால் வனத்துறைக்கு மனு எழுத என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் போய்க் கொஞ்சம் கண் பழகியிருக்கிறது.

முதலில் தெரிய வேண்டியது, மாடு கொல்லப்பட்டதா, தானாகச் செத்ததா என்பது. வயிறு உப்பியோ பாம்பு கடித்தோ செத்த மாட்டைச் சிறுத்தை வந்து தின்றுவிட்டுப் போவதுண்டு. கால்நடை மருத்துவர் கழுத்துத் தோலை உரித்துப் பார்ப்பது இதற்காகத்தான். உயிர் இருக்கும்போது பல் இறங்கியிருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கருத்துப்போயிருக்கும். செத்த பிறகு கடித்ததென்றால் ஓட்டை இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது.

வளர்ந்த கறவை மாட்டைக் கழுத்தைக் கவ்விச் சாய்த்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போயிருந்தால் அநேகமாகப் புலிதான். பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும். இரைப்பையை வெளியே எடுத்துத் தனியாக ஒதுக்கிவிடும். சிறுத்தைக்குக் கன்று, ஆடு, வீட்டு நாய் இவைதான் வசதி. அது வயிறு, விலாப் பக்கம் வாய் வைப்பது அதிகம். பல் குறி தெளிவாக இருந்தால் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கோரைப்பற்கள் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பொதுவாகப் புலிக்கு 5 செ.மீ.க்கு மேல், சிறுத்தைக்கு 4 செ.மீ.யை ஒட்டி இருக்கும். ஈர மண்ணில் தடம் இருந்தால் நகக்குறியைத் தேடுங்கள்: நடக்கும்போது பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாய் இனத்துக்கு நகம் பதியும்.

செந்நாய்க்குக் கழுத்தைப் பிடித்துக் கொல்லும் வழக்கமெல்லாம் இல்லை. கூட்டமாக விரட்டிப் பின்புறத்தையும் வயிற்றையும் கிழித்து, உயிர் போகும் முன்பே தின்னத் தொடங்கிவிடும், அதுவும் பட்டப்பகலில். ஆனால் அதன் முதல் நாட்டம் காட்டில் இருக்கும் மான் மேல்தான்.

இனி, யாரும் கேட்க விரும்பாத செய்தி. ஒரே இரவில் பட்டியில் பல ஆடுகள் செத்துக் கிடக்கின்றன, தொடையிலும் காதிலும் கண்டபடி கடி, தின்றதோ மிகக் குறைவு என்றால் பெரும்பாலும் அது தெருநாய் வேலை. தெருநாய் வனவிலங்கு இல்லை. வனத்துறை இழப்பீட்டில் அதற்கு இடம் கிடையாது. "புலி என்றே எழுதுங்கள் தம்பி, உங்களுக்கு என்ன போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பாலை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில் அப்படிக் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் புலிக்குக் கூண்டு வைத்துக் காத்திருக்கும் அந்த வாரத்தில் நாய்க்கூட்டம் அடுத்த பட்டிக்குப் போயிருக்கும்.

கோழி, முட்டை பற்றிச் சுருக்கமாக: ஓடு உடைந்து கிடந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம், ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பை. மீன் குளத்தில் பாதி தின்ற மீனும், கரைப் பாறையில் செதில் நிறைந்த நாற்றமெடுக்கும் எச்சமும் இருந்தால் நீர்நாய்.

இழப்பீடு வேண்டுமென்றால் மருத்துவரும் வனத்துறையினரும் வரும்வரை உடலை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள். மருத்துவர் சான்றிதழோடு அட்சயா மையத்தில் (கேரளத்தின் அரசு இணையச் சேவை மையம்) விண்ணப்பிக்கலாம். கோபத்தில் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுத்தை சாகிறதோ இல்லையோ, கழுகும் நரியும் ஊர் நாயும் சாகும். புலியோ சிறுத்தையோ செத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறைக்கும் போக வேண்டிவரும்.

'பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடுங்கள்' என்ற கோரிக்கையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2022 அக்டோபரில் இங்கே நயமக்காட்டில் ஒரு புலி தொழுவத்துக்குள் புகுந்து பத்து மாடுகளைக் கொன்றது. கூண்டில் சிக்கிய பிறகு பார்த்தால் இடது கண்ணில் புரை. காட்டெருமையையும் மானையும் துரத்திப் பிடிக்க முடியாமல்தான் கட்டிப்போட்ட மாட்டைத் தேடி வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதைப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே மீன் வலையில் சிக்கி நீரில் செத்துக் கிடந்தது. பத்து மாடும் போயின, புலியும் போனது.

என்னைக் கேட்டால் கூண்டுக்கு முன் தொழுவத்தைப் பாருங்கள். இங்கே பல தொழுவங்கள் பழைய தகரமும் மூங்கில் தட்டியும்தான். கதவென்று பெயருக்கு ஒரு படல். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே கொட்டகையாகக் கட்டினால் செலவு பங்காகும். இரும்பு வலைக் கதவு, நல்ல தாழ்ப்பாள், வெளியே ஒரு விளக்கு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் வலை அடிக்க வேண்டும், சிறுத்தை அந்த வழியாகவும் இறங்கும். மேய்ச்சலுக்கு விட்ட மாட்டை இருட்டும் முன் ஓட்டி வந்துவிடுங்கள். கன்றை மட்டும் வாசலில் கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.