மழை வந்தாச்சு, எழுத்து வரவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 44. பிறந்ததும் வளர்ந்ததும் காசிமேட்டில். இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் மழைக்காலத்தில்தான் எழுதினேன். ஐப்பசி பிறந்து வாடை அடிக்க ஆரம்பித்து, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காதில் விழுந்தாலே கை பரபரக்கும். படகெல்லாம் கட்டிக் கிடக்கும், கடைக்கு லீவு, தெருவில் கணுக்கால் தண்ணீர், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வெயிலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் ஆகிற எனக்கு, மழையில் ஒரு ராத்திரிக்குப் பத்துப் பக்கம் ஓடும்.

இந்த வருஷமும் மழை வந்தது. நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. கூடத்து மூலையில் கூரை ஒழுகுகிறது. கீழே வைத்த குண்டானில் டொக், டொக் என்று விழும் சத்தம் தலைக்குள் இறங்குகிறது. எப்போதும் ஒழுகிற இடம்தான். முன்பெல்லாம் நைனா கிழிந்த வலையில் ஒரு துண்டைச் சுருட்டிக் குண்டானுக்குள் போட்டுவிடுவார், சத்தமே வராது. இப்போது ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டும் பலனில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவே வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளி வாளியாக இறைத்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வலையும் படகும் நாசமாயின. அந்த வாரம் நான் மூன்று அத்தியாயம் எழுதினேன். மழை வந்தால் சந்தோஷப்படுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ஒருமுறை, "நைனா, மழை வரப்போவுது" என்று குதித்தபோது, "உனக்குக் கதை, எனக்குக் கடன்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

போன சித்திரையில் அவர் தவறிவிட்டார். அது இல்லை என் பிரச்சினை, அந்த அழுகையெல்லாம் அழுதாயிற்று. ஆனால் அந்த வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பதிப்பாளரோ ஜனவரி புத்தகக் காட்சிக்கு நாவலைக் கேட்கிறார். குளிர்கால மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். எனக்கு அதுதானா?

— பெயர் வேண்டாம், காசிமேடு


அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1984-ல் மருத்துவர்கள் விவரித்த அந்தக் குளிர்கால மனச்சோர்வு, டிசம்பரில் பகல் ஏழெட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும் வடக்கு நாடுகளில் அதிகம். சென்னையில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். மேகம் மூடினால் மனசு கொஞ்சம் மந்தமாகும், சரி. ஆனால் இதே மேகத்துக்குக் கீழே உட்கார்ந்துதானே இரண்டு நாவல் எழுதினீர்கள்?

"அது இல்லை என் பிரச்சினை" என்ற வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். படகெல்லாம் கட்டிக் கிடக்கும் நாட்களில் நைனா எங்கே இருந்தார்? மீன்பிடித் தடைக்காலத்திலும் கடலுக்குப் போக மாட்டார்களே என்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும் எஞ்சின், பலகை, பெயின்ட் என்று படகுக்காரர்கள் படகோடுதான் கிடப்பார்கள். அடைமழையில்தான் வீட்டுக்குள் உட்கார்வார்கள். நீங்கள் மழைக்காலம் என்று சொல்வது, நைனா வீட்டில் இருந்த காலமும்தான். அவர் இல்லாமல் வந்திருக்கும் முதல் மழை இது. நீங்கள் அழுது முடித்தது சித்திரைக்கு. ஐப்பசிக்கு இன்னும் அழவில்லை.

1975-ல் ஸ்காட்லாந்தில் கடலுக்குள் மூழ்குகிறவர்களை வைத்து நடந்த ஒரு சோதனை வெளியானது. தண்ணீருக்கடியில் படித்த சொற்கள் தண்ணீருக்கடியிலும், கரையில் படித்தவை கரையிலும் நன்றாக ஞாபகம் வந்தன. 2021-ல் வெளியான ஒரு மறுசோதனையில் அந்த முடிவு கிடைக்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் அறைக்கு வருகிறவர்களிடம் இது போன்றதைப் பார்க்கிறேன்: ஒரு வாசனை, ஒரு சத்தம், அதோடு ஒரு ஆள். உங்களுக்கு மழைச் சத்தம் கதையை மட்டும் தனியாகக் கூட்டி வராது.

அப்புறம் அந்தக் கடன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பைக் கழித்துவிட்டுக் கடனை மட்டும் பதிவு வைத்திருக்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவர் செய்கிற வேலையா இது? மகள் எழுதுவது பிடிக்காதவர் குண்டானில் வலையைச் சுருட்டிப் போடுவாரா?

தெருவைப் பற்றிய உறுத்தலை முழுதாகத் துடைத்துவிட நான் விரும்பவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் வந்தால் வாளியோடு இறங்குங்கள், ராத்திரி வந்து எழுதுங்கள். இரண்டுக்கும் நேரம் இருக்கும்.

பதிப்பாளருக்கு நாளைக்கே போன் செய்து இந்த ஜனவரி இல்லை என்று சொல்லிவிடுங்கள். புத்தகக் காட்சி அடுத்த வருஷமும் வரும். நாவலை மூடி வையுங்கள். மழை பெய்கிற ராத்திரிகளில் இருபது நிமிஷம் மட்டும், நைனா வலை தைத்தபடி என்ன பேசினார், எந்தக் கையில் ஊசி பிடித்தார், டீயில் எத்தனை சர்க்கரை, இப்படி வாய்க்கு வந்ததை எழுதுங்கள். அச்சுக்கு அல்ல, நன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். காசிமேட்டில் கிழிந்த வலைக்கா பஞ்சம்? யாரிடமாவது ஒரு துண்டு வாங்கிச் சுருட்டி அந்தக் குண்டானில் போடுங்கள். கூரையை தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.