தலையாட்டிட்டுப் போறாங்க, அப்புறம்?

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஊட்டச்சத்து வகுப்பு பத்தியே இருந்துச்சு, அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: வருமானம் கம்மியா இருக்கிற குடும்பங்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கிற தன்னார்வலர் நான். சார்ட் காட்டி விளக்கமாத்தான் சொல்றேன், நல்லா கேக்குறாங்க, தலையாட்டுறாங்க, வீட்டுல போய் பாத்தா அதே சாப்பாடுதான். எங்க தப்பு பண்றேன்?

பதில்: அந்த சார்ட்டுலதான்னு தோணுது. காய் நல்லது, முட்டை நல்லதுன்னு தெரியாத அம்மா யாருங்க இருக்கா? வேலை முடிஞ்சு இருட்டினப்புறம் வந்து சமைக்கணும், மாசக் கடைசில கைல காசு இருக்காது, இதுல புதுசா ஒண்ணு செஞ்சு குழந்தை துப்பிடுச்சுன்னா அன்னைக்கு வேற குடுக்க ஒண்ணும் கிடையாது. ஒரு புது உணவை குழந்தை ஏத்துக்க எட்டு பத்து தடவை கூட குடுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க, அந்த எட்டு தடவையும் வீணாப் போறத தாங்குறதுக்கும் ஒரு வசதி வேணும்ல. அதனால அவங்க குழந்தை கண்டிப்பா சாப்பிடுறதத்தான் செய்வாங்க, அது அறியாமை இல்ல, கணக்கு.

வியட்நாம்ல நடந்த ஒரு விஷயம் சொல்றேன். 1990கள் தொடக்கத்துல ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின்னு ஒரு தம்பதி சேவ் த சில்ட்ரன் அமைப்புக்காக அங்க போனாங்க, அங்க ‘தான் ஹோவா’ங்கிற மாகாணத்து கிராமங்கள்ல பெரும்பாலான குழந்தைங்க எடை கம்மி. இவங்க பாடம் நடத்தல, அதே அளவு ஏழ்மைல இருந்தும் குழந்தை நல்லா வளர்ற வீடு ஏதாவது இருக்கான்னு ஊர்க்காரங்களையே தேடச் சொன்னாங்க. இருந்துச்சு! அந்த வீட்டு அம்மாக்கள் வயல்ல கிடைக்கிற சின்ன இறாலு, நண்டு, சக்கரவள்ளிக் கிழங்கோட இலை இதெல்லாம் குழந்தை சோத்துல போட்டாங்க, அதெல்லாம் குழந்தைக்கு ஆகாதுன்னு மத்தவங்க ஒதுக்கி வச்சிருந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மொத்தமா குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா பல தடவை குடுத்தாங்க, கை கழுவி விட்டாங்க, வயித்துப்போக்கு வந்தாலும் சாப்பாட்ட நிறுத்தல. அப்புறம் வகுப்பு எப்படி நடந்துச்சுன்னா, வர்ற ஒவ்வொரு அம்மாவும் அந்த இறாலோ நண்டோ இலையோ கொஞ்சம் பிடிச்சு பறிச்சு எடுத்துட்டு வரணும், அதுதான் நுழைவுச்சீட்டு, எல்லாரும் சேந்து சமைச்சு அங்கயே குழந்தைக்கு ஊட்டுனாங்க. தேடுறது, சமைக்கிறது, ஊட்டுறதுன்னு எல்லாமே கை பழகிடுச்சு, தலையாட்ட வேண்டிய வேலையே வரல.

நீங்களும் சார்ட்ட சுருட்டி வச்சுட்டு உங்க குழுவுலயே அப்படி ஒரு வீட்ட தேடுங்க. கிடைச்சா அந்த அம்மாவ பேச விட்டுட்டு நீங்க பாத்திரம் கழுவுங்க.

கேள்வி: வகுப்பு, பயிற்சின்னு செலவு பண்றதுக்கு அந்தப் பணத்த நேரா குடும்பத்து கைல குடுத்துடலாமே? ஏழைக்கு புத்தி சொல்றது எனக்கு எரிச்சலா இருக்கு.

பதில்: எனக்கும்தான். காலி பாத்திரத்து முன்னாடி நின்னு சரிவிகித உணவு பத்தி பேசுறத விட கொடுமை கிடையாது. ஆனா பங்களாதேஷ்ல 2012லருந்து 2014 வரைக்கும் இத நேராவே சோதிச்சுப் பாத்தாங்க, சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேந்து. பரம ஏழைக் குடும்பங்கள்ல சிலருக்கு பணம் மட்டும், சிலருக்கு உணவு மட்டும், சிலருக்கு இந்த ரெண்டுல ஒண்ணோட ஊட்டச்சத்து வகுப்பும். பணம் மட்டும் வாங்குன வீட்டுல சாப்பாடு கூடுச்சு, ஆனா வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்களோட விகிதம் சொல்லிக்கிற மாதிரி குறையல. பணமும் வகுப்பும் சேந்த இடத்துல அது 7.3 சதவீதப் புள்ளி குறைஞ்சது, ரெண்டே வருஷத்துல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், வகுப்புக்கு அம்மாவ மட்டும் கூப்பிடாம மாமியாரையும் புருஷனையும் கூப்பிட்டாங்க. காச யாரு வச்சிருக்கா, முட்டை யாரு தட்டுக்கு முதல்ல போகணும்னு யாரு முடிவு பண்றாங்களோ அவங்க காதுல விழாத வகுப்பு பாதி வகுப்புதான். ஆக உங்க எரிச்சல் நியாயம், வகுப்பு மட்டும் தனியா நடத்துனா அது வெறும் உபதேசம், ஆனா பணத்தோட அதையும் சேத்துக் குடுக்கும்போது கதை மாறுது.

கேள்வி: டயட்டீஷியன் கிடைக்கல, படிச்சவங்க இல்லாம இந்த வகுப்ப நடத்தலாமா?

பதில்: தாராளமா. அமெரிக்காவுல 1969லருந்து ஓடிட்டு இருக்கிற எஃப்நெப்ங்கிற (EFNEP) ஊட்டச்சத்துக் கல்வித் திட்டத்துல அந்தந்த பகுதியிலயே வாழ்றவங்களுக்கு பயிற்சி குடுத்து அவங்களையேதான் கத்துக்குடுக்க அனுப்புறாங்க, பல்கலைக்கழகத்துக்காரங்க பின்னாடி இருந்து பாடத்த சரி பாப்பாங்க. நம்மள மாதிரியே வாடகை கட்ட அல்லாடுறவங்க சொன்னா அதுக்கு ஒரு மரியாதை தனி. ஒரே ஒரு நிபந்தனை, சர்க்கரை நோய், கிட்னி கோளாறு, எடை ஏறவே மாட்டேங்கிற குழந்தை, இதெல்லாம் வந்தா பதில் சொல்லாம மருத்துவர்கிட்ட அனுப்பத் தெரிஞ்சிருக்கணும்.

கேள்வி: குழந்தை உணவு கம்பெனி ஒண்ணு எங்க வகுப்புக்கு ஸ்பான்சர் பண்றேன்னு வருது, பேனர், சாம்பிள் டப்பா எல்லாம் தராங்களாம். வாங்கிக்கலாமா?

பதில்: வேண்டாம். தாய்ப்பாலுக்கு மாற்றா விக்கிற பொருள அம்மாக்களுக்கு விளம்பரம் பண்றதையும் சாம்பிள் குடுக்கிறதையும் 1981லயே உலக சுகாதார சபை விதிமுறை போட்டு தடுத்திருக்கு. டப்பா தீந்ததும் அத காசு குடுத்து வாங்கப் போறது அந்தக் குடும்பம்தானே.

கேள்வி: வகுப்பு பலன் குடுத்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கடைசில ஒரு டெஸ்ட் வைக்கிறோம், எல்லாரும் நல்ல மார்க்கு.

பதில்: மார்க்க விடுங்க, நேத்து குழந்தை என்ன சாப்பிட்டுச்சுன்னு கேளுங்க. 6 மாசத்துலருந்து 23 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு வகை வச்சிருக்காங்க: தாய்ப்பால், தானியம் கிழங்கு, பருப்பு கொட்டை வகை, பால் பொருள், இறைச்சி மீன், முட்டை, வைட்டமின் ஏ உள்ள காய் பழம், மத்த காய் பழம். முந்தின நாள்ல இதுல குறைஞ்சது அஞ்சு வகை உள்ள போயிருக்கணும். வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சு சில மாசம் கழிச்சு ஒரு தடவை கேளுங்க. முடிஞ்ச உடனே கேட்டா உங்க மனசு நோகக்கூடாதுன்னே அஞ்சு சொல்லிடுவாங்க.

கேள்வி: முதல் வாரம் கூட்டம் அள்ளுது, போகப் போக கரைஞ்சிடுது. பரிசு ஏதாவது வைக்கலாமா?

பதில்: பரிசுக்கு முன்னாடி மணியப் பாருங்க. தினக்கூலிக்குப் போறவங்கள பகல் பதினோரு மணிக்கு கூப்பிட்டா ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரணும், எந்தப் பரிசு அத ஈடு கட்டும்? சாயங்காலம் வைங்க, அவங்க தெருவுலயே வைங்க, குழந்தைங்கள பாத்துக்க ஒரு ஆள் போடுங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க. அங்கயே சமைச்சு அங்கயே சாப்பிட்டுட்டு போற மாதிரி இருந்தா ராத்திரி சமையல் வேலையும் மிச்சம், அப்புறம் ஏன் வராம இருக்கப் போறாங்க.