மறுக்கப்பட்ட அரிசிப் பை

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சீனத் தோழி ஒருத்தி அழைத்துப் போனதில், டவுனில் உள்ள பௌத்த மன்றத்தின் தியான வகுப்பில் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை எங்கள் குழு, பழைய தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அரிசி 5 கிலோ, எண்ணெய் ஒரு பாக்கெட், மீ (நூடுல்ஸ்), பால் டின் எல்லாம் போட்ட பை கொடுக்கிறது. போன மாதம் ஒரு பாட்டி கதவைப் பாதி திறந்து, “அரிசி இருக்கும்மா, எடுத்துக்கிட்டுப் போ” என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வீடு வரும்வரை கோபம் அடங்கவில்லை. ‘நான்’ இல்லாத கருணை என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அப்படியானால் இத்தனை நாள் எனக்காகத்தான் கொடுத்தேனா? மனம் சுத்தமாகும்வரை நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். உங்கள் மனம் சுத்தமாகும்வரை லயத்தில் யாரும் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

சுயநலம் கலந்த ஈகையைப் புத்தரே தள்ளிவிடவில்லை. புத்தரின் உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூலின் ஏழின் தொகுதியில், சம்பா நகரத்துத் தாமரைக் குளக்கரையில், கொடுப்பவரின் நோக்கங்களைத் தம் சீடர் சாரிபுத்தருக்கு வரிசைப்படுத்திச் சொல்கிறார். செத்தபின் அனுபவிக்கலாம் என்று சேர்த்துவைப்பதுபோல் கொடுப்பது கீழ்ப்படி. கொடுப்பது நல்லது என்று கொடுப்பது அதற்கு மேல். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று கொடுப்பதும், நான் சமைக்கிறேன், இந்தத் துறவிகள் சமைப்பதில்லை, கொடுக்காமல் இருப்பது முறையல்ல என்று கொடுப்பதும் இன்னும் மேல். மனம் மகிழ்ந்து தெளிகிறது என்பதற்காகக் கொடுப்பது உச்சிக்கு ஒரு படி கீழே நிற்கிறது. மனத்துக்கு அணியாகக் கொடுப்பதே உச்சி. கீழ்ப்படிக்கும் பலன் உண்டு, அது தீர்ந்ததும் இந்த உலகத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்கிறார். ஆகவே பை கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பிய மாதங்களுக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

பார்க்க வேண்டியது அந்தக் கோபத்தை. பாட்டிக்கு அரிசி இருக்கிறது என்பது நல்ல செய்தி. அதைக் கேட்டு முகம் எரிகிறதென்றால், அரிசிக்கு ஈடாக எதையோ எதிர்பார்த்துப் போயிருக்கிறோம். மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையில் இதற்குப் பெயரே இருக்கிறது. திருப்பிச் செய்யக்கூடியவருக்குக் கொடுப்பவர்கள் ‘அறவிலை பகர்வோர்’, அறத்தை விலைக்கு விற்பவர்கள். லயத்துப் பாட்டி பணமாகத் திருப்பித் தர மாட்டார். ஆனால் ஒரு கும்பிடு, ஒரு ‘நல்லா இரும்மா’, பையோடு ஒரு போட்டோ தர முடியும். அதுவும் விலைதான். அவர் அந்த விலையைத் தர மறுத்தார்.

அவர் பக்கமும் கொஞ்சம் நில்லுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர் பால்மரம் வெட்டி, சொந்தக் கையால் பிள்ளைகளை ஆளாக்கியவராக இருக்கலாம். வாசலில் ஐந்தாறு பேர் ஒரே நிறச் சட்டையில் நிற்கிறார்கள், ஒருவர் கையில் போன். கதவு சாத்தப்பட்டதில் என்ன வியப்பு?

வகுப்பில் சொன்னதைப் பற்றி. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற துறவி இலங்கையின் அனுராதபுரத்தில் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூல் கருணைக்கு இரண்டு பகைகளைச் சொல்கிறது. தூரத்துப் பகை கொடுமை; அதை யாரும் அடையாளம் காண்பார்கள். பக்கத்துப் பகை துக்கம். அது கருணையின் முகத்தோடே வருவதால் ஏமாந்துபோகிறோம். அதே நூலில் ஒரு சோதனையும் உண்டு. நீங்கள், உங்களுக்குப் பிரியமானவர், முன்பின் பழகாதவர், பகைவர், நான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். ‘இவரைக் கொண்டுபோ’ என்று நினைத்தால், தனக்கும் பிறருக்கும் நடுவே மனம் போட்ட எல்லை உடையவில்லை. ‘என்னைக் கொண்டுபோ, இவர்களை விடு’ என்று நினைத்தாலும் உடையவில்லை. நால்வரில் யாரையும் கொடுக்கத் தோன்றாத போதுதான் உடைகிறது. தன்னை அழித்துக்கொள்வதை இந்த மரபு கேட்கவே இல்லை. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லாமல் ‘நான் இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் தன் மனத்தைத் தானே உளவு பார்க்கத் தொடங்கிவிடுவார். எந்நேரமும் ‘நான் தூய்மையா’ என்று கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிரே நிற்கும் பாட்டி தெரியமாட்டார்.

பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் மூச்சு. மைத்திரி, அதாவது எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்ற அன்பு, தன்னில் தொடங்கும். கருணை அப்படியல்ல, கண்ணெதிரே துன்பப்படும் ஒருவரில் தொடங்கும். உங்களுக்கு நன்றி சொல்லக்கூடியவரை எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த, பெயர் தெரியாத ஒருவர் போதும். ‘இவர் இந்தத் துன்பத்திலிருந்து விடுபடட்டும்.’ அது நிலைத்தபின் பிரியமானவர், பிறகு பழகாதவர், கடைசியில் பகைவர். பாட்டி மீது கோபம் இருக்கும்வரை அவர் கடைசி வரிசையில்தான். அவசரப்பட்டு முன்னால் கொண்டுவந்தால் கோபம்தான் வளரும்.

எங்கே தவறும்? தொண்டை அடைத்து, உங்கள் பழைய துக்கமெல்லாம் கிளம்பினால் பக்கத்துப் பகை வந்துவிட்டது, மூச்சுக்குத் திரும்புங்கள். மனக்காட்சியில் பை தூக்கிக்கொண்டு நீங்களே நடந்து வருகிறீர்களா? அந்தக் காட்சியை விட்டுவிட்டு அவர் முகத்துக்கு மட்டும் திரும்புங்கள். ‘எது நடந்தால் என்ன’ என்று மந்தமாக இருந்தால் அதைச் சமநிலை என்று நினைக்க வேண்டாம். அது உபேட்சையின், அதாவது உண்மையான சமநிலையின், பக்கத்துப் பகை.

பை விஷயத்தில், அடுத்த முறை முன்கூட்டியே ஒருவர் போய் என்ன வேண்டும் என்று கேட்கட்டும். இனிப்பு நீர் உள்ளவருக்குப் பால் டின் எதற்கு? விளக்கு பல்பு மாற்ற, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்படலாம். போட்டோ வேண்டவே வேண்டாம். மன்றத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் எத்தனை பை என்று எழுதிக்கொடுங்கள். யாராவது கோப்பி கலக்கிக் கொடுத்தால் ‘பரவாயில்லை பாட்டி’ என்று நழுவாமல் உட்கார்ந்து குடியுங்கள். அவருக்கும் கொடுக்கக் கை இருக்கிறது.

மறுத்த பாட்டியிடம் அடுத்த மாதம் நீங்கள் ஒருவராக, வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். பேசினால் பேசுங்கள், இல்லையென்றால் வந்துவிடுங்கள். அவர் வேண்டாமென்ற பையை அடுத்த வீட்டில் கொடுக்கும்போது, அது யார் வேண்டாமென்றது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.